முப்பத்திரண்டு எழுத்து

ஏணியைப் பற்றிச் சொல்ல எனக்கு அருகதை உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அவள் பையைக் கொட்டிய மேசை என்னுடையது. ஆனாலும் இந்தத் தெருவில் இதை வாய் நிறையச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. அதனால் சொல்கிறேன்.

ஏணி என்பது தெரு வைத்த பெயர். வீடுகளுக்கு இணைய இணைப்புப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. எங்கள் தெருவின் கடைசி வீட்டில் கணவன், மகள், மாமியாரோடு இருக்கிறாள். முதலில் ஒரு கம்பெனியில் போன் எடுத்துப் புகார் கேட்கிற வேலையில் இருந்தாள். "ஆள் வரும், ஆள் வரும்னு நாலு நாளா சொல்றியே" என்று ஊரெல்லாம் அவளைத் திட்ட, ஐந்தாவது மாதம் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த ஆளா நானே போறேன், ஏணியக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பியவள். கம்பத்திலிருந்து ஒயர் இழுப்பது, சுவரில் துளை போடுவது, முடியை விட மெல்லிய கண்ணாடி இழையை வெட்டித் துடைத்து இணைப்பது எல்லாம் மூன்றே மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. மடக்கு ஏணியை ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு அவள் வளைவில் திரும்பும்போது, தெருநாய்கூட எழுந்து ஒதுங்கும்.

வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரவுட்டரை மாட்டிப் பச்சை விளக்கு எரிந்தவுடன் மற்றவர்களைப் போலக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓட மாட்டாள். போனைக் கையில் பிடித்தபடி அறை அறையாக, அடுக்களை குளியலறை எதையும் விடாமல், மெதுவாக நடப்பாள்.

"எந்த வீட்லயும் ஒரு செத்த மூலை இருக்கும்க்கா. அங்க சிக்னல் வராது. அது எங்கன்னு கண்டுபிடிச்சுச் சொன்னாத்தான் என் வேலை முடிஞ்சதா அர்த்தம்" என்பாள் என்னிடம். அந்தப் பழக்கம்தான் அவளுக்கு வினையாக வந்தது.

என் கடை நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட், பைண்டிங். இரண்டாம் மாடியில் இருப்பவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவரை முதுகுக்குப் பின்னால் நாங்கள் ரிஜிஸ்டர் என்போம். கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். கட்டடத்துக்குள் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், கையில் என்ன இருந்தது, போகும்போது என்ன இருந்தது, எல்லாம் அதில் ஏறும். "இருபது வருஷமா எழுதறேன். ஒரு வரி அடிச்சுத் திருத்தினது கிடையாது" என்பது அவர் வாழ்க்கையின் ஒரே பெருமை. மனிதர் வேறு எதையும் உருப்படியாகச் செய்ததாக எனக்கு நினைவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். ரிஜிஸ்டர் வீட்டில் இணைப்புப் போட்டு முடித்துவிட்டு ஏணி கீழே வந்தாள். ஸ்கூட்டரை எடுக்கப் போகிறாள், மாடியிலிருந்து "நில்லு அங்கயே" என்று ஒரு குரல். நோட்டோடு இறங்கி வந்தார். அவர் மனைவி குளிக்கப் போனபோது கழற்றி வைத்த மோதிரத்தைக் காணோமாம்.

"குளிக்கிற ரூமுக்குள்ள உனக்கு என்ன வேலை?"

"சிக்னல் பாத்தேன் சார். எல்லா ரூம்லயும் பாப்பேன்."

"குளிக்கிற ரூம்ல யாருக்கும்மா சிக்னல்?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அப்புறம் அவர் பையைப் பிடுங்கி என் கடை மேசையில் கவிழ்த்தார். ஸ்க்ரூ டிரைவர்கள், கட்டர், டேப் சுருள், துளை போடும் ஊசிகள், சாப்பாட்டு டப்பா, சீப்பு, மகளின் ஒற்றைக் காலுறை, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலம் என்ன என்று அங்கே நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். "அதையும் பிரி" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பர் கட்டை அடுக்குவது போலக் குனிந்துகொண்டேன். அவள் பிரித்தாள். தெருவே பார்த்தது.

'போதும் சார்' என்று இரண்டு வார்த்தை. என் மேசை, என் கடை, சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதோடு விட்டேனா? அன்று மாலை அவர் நோட்டை விரித்துக் கொடுத்தபோது, 'பச்சைக்கல் மோதிரம், கல்லைப் பிடிக்கும் பல் நான்கில் ஒன்று உடைந்தது, இணைப்புப் போட வந்த பெண் எடுத்திருக்கலாம்' என்று எழுதிய பக்கத்தை, மை பிசிறாமல், இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்று அவள் கம்பெனிக்குப் போனது.

கம்பெனி அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. பையில் ஒன்றும் கிடைக்கவில்லையே என்றால், கைதேர்ந்தவள் பையிலா வைப்பாள் என்று தெரு சொன்னது. மிக்ஸியைப் பார்த்துக் கொடு, டி.வி. ரிமோட்டைப் பார்த்துக் கொடு என்று அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த பெண்கள் எல்லாம், "அப்புறம் வாயேன், வேலையா இருக்கேன்" என்று வாசலிலேயே பேசி அனுப்பினார்கள். வகுப்பில் எவளுடைய பென்சில் டப்பா காணாமல் போனாலும் எல்லாத் தலையும் அவள் மகள் பக்கம் திரும்பியது. மாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை; பீரோ சாவியை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட வலித்தது என்று பிற்பாடு சொன்னாள்.

இரண்டு வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள் சுற்றும் பட்டறையில் கிடந்தாள். அதற்குப் பிறகு வேறொரு கம்பெனியில் விண்ணப்பிக்க, சான்றிதழ் பிரதி எடுக்க என் கடைக்கு வந்தாள். "அன்னைக்கு நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லா தெளிவா வரட்டும்க்கா. அன்னைக்கு அவருக்கு எடுத்துக் குடுத்தீங்களே, அந்த மாதிரி" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். போகும்போது மேசையை ஒரு தரம் தட்டினாள். "இதே எடத்துல போச்சு என் பேரு. இதே எடத்துல திரும்பி வரணும். அவர் வீட்டுக்குள்ள நான் இன்னொரு தரம் போவேன், பாத்துட்டே இருங்க. அவரே கூப்பிடுவார்."

கூப்பிட்டார். போன மாதம். ரிஜிஸ்டர் மாடிக்கு மாடி படிக்கட்டில் கேமரா மாட்டியிருந்தார். வருகிறவர் போகிறவரை இனிமேல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே பார்த்து எழுதலாம் அல்லவா. அந்த நேரம் பார்த்து அவருக்கு இணைப்புக் கொடுத்திருந்த, ஏணியை அனுப்பிய அந்தப் பழைய கம்பெனி எங்கள் பகுதியில் கடையைக் கட்டிவிட்டது. கேமரா எல்லாம் ஆறு நாளாகக் குருடு. புதுக் கம்பெனிக்குப் போன் போட்டார். இந்தப் பகுதிக்கு அந்தக் கம்பெனியின் ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்?

அடுத்து நடந்ததை ஏணி என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டு வாங்கினேன்.

கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்திருக்கிறார். "நீயா? வேற ஆளே இல்லையா?"

"இந்த ஏரியாவுக்கு நான் ஒருத்திதான் சார்."

யோசித்திருக்கிறார். குருட்டுக் கேமராவை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். "சரி. பைய வாசல்லயே வை. எது தேவையோ அத மட்டும் கைல எடுத்துட்டு வா."

பையை வாசலில் வைத்தாள். ஒவ்வொரு கருவியாக எடுக்க வாசலுக்கும் கூடத்துக்கும் பதினான்கு தரம் நடந்தாள். அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கட்டர் ஒன்று உள்ளே, கட்டர் ஒன்று வெளியே என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியைப் பார்த்ததுமே ஏணிக்குத் திட்டம் தயாராகிவிட்டது. செத்த மூலையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு அதை உண்டாக்கத் தெரியாதா? உள் அறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை மாட்டினால், வீடு முழுக்க ஓரளவு வரும், அந்த நாற்காலியில் மட்டும் சுத்தமாக வராது. கேமராப் படம் சுற்றிச் சுற்றி நின்று அவர் உயிரை எடுக்கும். ஏன் என்று ஒருவருக்கும் புரியாது. ஆயுசுக்கும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அலைவார். அவளுக்கு அப்போதைக்கு அது போதும் என்று பட்டது.

பீரோவுக்குப் பின்னால் ஒயர் போகுமா என்று பார்க்க அடுக்களை வழியாகப் போனாள். அங்கே அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். விரலில் மோதிரம். பச்சைக் கல். ஒரு பக்கம் பல் இல்லாமல், நூல் சுற்றியிருந்தது.

ஏணி அப்படியே நின்றுவிட்டாள். அந்த அம்மாள் அவள் கண் போன இடத்தைப் பார்த்தார். கையை மறைக்கவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டார், கூடத்துக்குச் சத்தம் போகாமல் இருக்க.

"மூணாம் நாளே கிடைச்சிடுச்சும்மா."

"எங்கம்மா இருந்துச்சு?"

"சோப்பு டப்பாவுல. சோப்பு அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கரைஞ்சப்புறம் தெரிஞ்சுது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லுங்கன்னு கெஞ்சினேன். எழுதினத அடிக்க முடியாதுன்னுட்டாரு. நாலு வருஷமா வெளிய போறப்ப இத கழட்டி வெச்சிட்டுத்தான் போறேன். வீட்டுக்குள்ள மட்டும் போட்டுக்கறேன்." கொஞ்ச நேரம் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். "உன் வீட்டு வழியா போகாம சுத்திப் போறேன்மா. வேற என்ன பண்ண, எனக்குத் தெரியல."

ஏணிக்கு அழுகை வரவில்லையாம். தலை மிகவும் தெளிவாக இருந்தது என்றாள். நாற்காலியில் சிக்னல் இல்லாமல் ஒரு கிழவர் திண்டாடுவதா இதற்குப் பதில்? யாருக்கும் தெரியாமல் பழிவாங்கினால் அவள் பெயர் எப்படித் திரும்பும்?

கூடத்துக்கு வந்து, "சார், பீரோ பக்கம் சரிப்படாது. தெரு ஜன்னலுக்கு மேல, உசரத்துல மாட்டினா நாலு மாடி கேமராவுக்கும் கிடைக்கும். கீழ கேட் வரைக்கும், எதிர்ச்சாரி வரைக்கும் வரும்" என்றாள்.

"அப்படி மாட்டு. காசு குடுத்து வாங்கினது, முழுசா வரட்டும்" என்றார்.

மாட்டினாள். அந்த வேலையை அவள் அவ்வளவு சுத்தமாகச் செய்ததே இல்லையாம். இழையை மூன்று தரம் துடைத்தாள். ஒயரை ஜன்னல் ஓரமாக ஆணி அடித்துக் கோடு போட்டது போல இழுத்தாள். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. கடவுச்சொல் போடும் நேரம் வந்தபோது, "நான்தான் போடுவேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றார். சுவரைப் பார்த்து நின்றாள். அவர் போன் சேர்ந்தது, கேமராக்கள் ஒன்றொன்றாகக் கண் திறந்தன. திரையில் படிக்கட்டு தெரிந்ததும் மனிதருக்கு உலகம் மறந்துவிட்டது.

"சார், வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்களுக்குன்னு தனியா ஒரு பேர்ல இணைப்பு வைக்கலாம். உங்க பாஸ்வேர்ட அவங்களுக்குக் குடுக்க வேண்டியதில்ல."

"இங்க யாரு விருந்தாளி வர்றா? என்னமோ ஒரு பேரப் போட்டுப் பூட்டி வை."

பேர் போடச் சொல்லிவிட்டார். அந்தப் பெட்டியில் பெயருக்கு முப்பத்திரண்டு எழுத்துதான் இடம். மூணாம் நாளே கிடைச்சிடுச்சு என்று தொடங்கிப் பார்த்தாள், ஆங்கில எழுத்தில் நீண்டுகொண்டே போனது. விரல் விட்டு எண்ணினாள். அழித்தாள். மறுபடி எண்ணினாள். கடைசியில், 'மோதிரம் சோப்பு டப்பாவில் இருந்தது' என்று அதே ஆங்கில எழுத்தில் அடித்தபோது, இடைவெளியோடு சேர்த்துச் சரியாக முப்பத்திரண்டு வந்தது. ஓர் எழுத்து கூடவில்லை, குறையவில்லை. கடவுச்சொல்லாக வாயில் நுழையாத எதையோ தட்டிப் பூட்டினாள். யாரும் உள்ளே போக வேண்டியதில்லை, பெயரைப் பார்த்தால் போதும்.

திரும்பினால், அவர் மனைவி பின்னால் நிற்கிறார். திரையைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறார், உதடு அசைகிறது. படித்து முடித்தார். "டீ போடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

ஏணி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். "சார், இந்தப் பெட்டிக்குள்ள போயி பேரையோ எதையோ மாத்தணும்னா இதுல எழுதின பாஸ்வேர்டு வேணும்."

மூன்றாம் மாடிப் படியில் எவனோ துப்புவதைத் திரையில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "அவகிட்ட குடு." அந்த அம்மாள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வேலை எப்படி என்று கம்பெனி கேட்ட இடத்தில் ரிஜிஸ்டர் ஐந்து நட்சத்திரம் போட்டார்.

கீழே வந்த ஏணி என் மேசைக்கு எதிரில் நின்று, "போன எடுத்து, சுத்தி என்னென்ன வைஃபை இருக்குன்னு பாருங்கக்கா" என்றாள். பார்த்தேன். என் கடையின் பெயருக்கும் மேலே, முழுக் கோடுகளோடு அது நின்றது. இரண்டு தரம் படித்தேன். அவள் கதையைச் சொல்லி முடித்தபோது, நான் செய்ய வேண்டிய வேலை எனக்கு விளங்கிவிட்டது. இந்தத் தடவை குனிந்துகொள்ளப் போவதில்லை.

என் கடையில் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் என்னுடைய வைஃபையில் சேர்ந்துதான் போனிலிருந்து அனுப்ப வேண்டும். அதற்குப் பட்டியலைத் திறக்க வேண்டும். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இழுப்பறையில் போட்டேன். "கண்ணாடி கொண்டு வரலைங்க. மேல என்ன பேர் இருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, அதுக்கு அடுத்ததுதான் நம்ம கடை" என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். படித்தார்கள். சத்தமாகப் படித்தார்கள். எந்த மோதிரம் என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொன்னேன். பையைக் கொட்டிய அன்று சிரித்த பெண்களில் ஒருத்தி படித்துவிட்டு, எடுக்க வந்த பிரிண்டை மறந்து வெளியே போனாள். எனக்கு அது இனித்தது, மறைப்பானேன். ஒரு வாரத்தில் எதிர்ச்சாரி, பின் தெரு, பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. ஒரு நாள் காலையில் ஏணியின் மாமியார் வந்து, என் போனை வாங்கி அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கடைசியாகத் தெரிந்துகொண்டவர் ரிஜிஸ்டர். விருந்தாளி வராத வீட்டில் யார் பட்டியலைத் திறந்து பார்ப்பார்கள்? சங்கக் கூட்டத்தில் யாரோ சிரித்திருக்கிறார்கள். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர். நான் ஸ்டூலை நகர்த்திப் போடவில்லை.

"யார் வேலை இது?"

"நீங்கதானாமே சார் ஏதாவது பேர் போடச் சொன்னது" என்றேன்.

மனைவிக்குப் போன் போட்டார். அவர் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். "அந்தச் சீட்டு எங்க?"

"எங்கயோ வெச்சேங்க" என்றது அந்த அம்மாளின் குரல், அவசரமே இல்லாமல். "சோப்பு டப்பாவுல பாருங்க."

கடையில் ஒருவரும் சிரிப்பை அடக்கச் சிரமப்படவில்லை. அவர் காது சிவந்துவிட்டது. ஏணிக்குப் போன் போட்டார்.

"இந்தப் பேர இப்பவே வந்து எடு."

"வர்றேன் சார். அஞ்சு நிமிஷ வேலை. கடையிலதானே நிக்கறீங்க? உங்க ரிஜிஸ்டர் கைல இருக்கும். நாலு வருஷத்துக்கு முந்தின பக்கத்த எடுத்து அந்த மேசை மேல வைங்க. என்னைப் பத்தி எழுதின வரிய எல்லார் முன்னாடியும் அடிச்சிட்டு, பக்கத்துல, மோதிரம் வீட்லயே கிடைச்சதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அக்கா ரெண்டு பிரதி எடுப்பாங்க. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு பழைய கம்பெனிக்கு. மறு நிமிஷம் வந்து மாத்திடறேன்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நான் மேசையில் கிடந்த காகிதங்களை ஒதுக்கி இடம் செய்தேன். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தேன். அவர் நோட்டை எடுத்தார், விரித்தார், அந்தப் பக்கம் வரைக்கும் புரட்டவும் செய்தார். அதைத் தேட அவருக்கு நேரமே பிடிக்கவில்லை, எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தார். பிறகு மூடிவிட்டார்.

"எழுதினத அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது" என்றார் போனில்.

"எனக்கும் கிடையாது சார்" என்று சொல்லி ஏணி போனை வைத்தாள்.

அவர் படியேறிப் போனார். பெட்டியை அணைத்தால் பேர் மறையும்தான், கேமராவும் குருடாகிவிடுமே. தன் வீட்டுக் கேமராவில் தானே தெரிந்திருப்பார். பேனாவை மூடிவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவரிடம் மேலே என்ன பேர் இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றேன்.